ஆறு மாதம் பயன்படுத்திய டி.என்.ஏ. மாதிரிப் பெட்டி: திசையைச் சொல்லித் தருகிறது, பிழையை விட்டுவிட்டது

ஆறு மாதமாக இந்தப் பெட்டி என் வகுப்பில் இருக்கிறது. செல் தன் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது என்பதைக் கையால் செய்து பார்ப்பதற்கான காந்தத் துண்டுகள். வெள்ளைப் பலகையில் ஒட்டி நகர்த்தலாம், மேசையில் பரப்பியும் செய்யலாம். இதுவரை மூன்று பிரிவு மாணவர்கள் இதைக் கையாண்டுவிட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிரியல் சொல்லித்தருகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் உள்ளே வரும் கையேட்டை அப்படியே நம்ப வேண்டாம், அப்புறம் இதில் இல்லாத ஒரு பெரிய விஷயத்தை நீங்களாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது என்ன என்று கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

பெட்டியைத் திறந்தால் பழைய இழைகளுக்கென்று அடர் நிறத்தில் 48 நியூக்ளியோடைடு துண்டுகள் (ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வின் ஒரு எழுத்து), புதிய இழைகளைக் கட்டுவதற்கு வெளிர் நிறத்தில் 60, ஆர்.என்.ஏ.வுக்கு ஆரஞ்சு நிறத்தில் 12. நொதிகளில் இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் வளையம் ஒன்று, தொடக்கத் துண்டை வைக்கும் பிரைமேஸ் ஒன்று, இடைவெளியை ஒட்டும் லைகேஸ் ஒன்று, புதிய இழையைக் கட்டும் டி.என்.ஏ. பாலிமரேஸ் மடக்கிய கை போன்ற வடிவத்தில் இரண்டு, பாலிமரேஸ் இழையை விட்டுக் கழன்று போகாமல் பிடித்து வைக்கும் கவ்வி வளையங்கள் இரண்டு. பிரிந்த இழைகள் மறுபடியும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சின்னப் புரதங்கள் ஆறு என்று அட்டையில் போட்டிருக்கிறது, எனக்கு வந்ததில் ஐந்துதான். எழுதிக் கேட்டேன், மூன்று வாரத்தில் அனுப்பி வைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லைகேஸின் காந்தம் இரண்டாம் மாதமே கழன்றது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

துண்டுகளை வெட்டியிருக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் அடினைனும் குவானைனும் நீளம், தைமினும் சைட்டோசினும் குட்டை. ஒரு நீளமும் ஒரு குட்டையும் சேர்ந்தால்தான் இரண்டு இழைகளும் இணைந்த ஏணியின் அகலம் சீராக வரும். அடினைனுக்கும் தைமினுக்கும் நடுவில் இரண்டு பல், குவானைனுக்கும் சைட்டோசினுக்கும் நடுவில் மூன்று பல், அதாவது ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை அப்படியே. எது எதோடு சேரும் என்று மனப்பாடம் செய்யச் சொல்லவே வேண்டியதில்லை, இரண்டு நிமிடத்தில் விரல்களே கண்டுபிடித்துவிடுகின்றன. 1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டபோது இந்த ஜோடிப் பொருத்தத்திலேயே நகலெடுக்கும் வழியும் அடங்கியிருக்கிறது என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு இழை தெரிந்தால் மற்ற இழை தெரிந்த மாதிரிதான். அதை வாயால் சொல்வதைவிட, பாதி ஏணியைக் கையில் கொடுத்து மீதியைக் கட்டு என்றால் சட்டென்று விளங்கிவிடுகிறது.

ஆனால் இந்தப் பெட்டியை மற்ற மாதிரிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஜோடி இல்லை, திசை. ஒவ்வொரு துண்டிலும் ஐங்கோண சர்க்கரை இருக்கிறது. ஒரு பக்கம் பாஸ்பேட் குமிழ், அது 5 பிரைம் முனை. மறுபக்கம் ஒரு குழி, அது 3 பிரைம் முனை. வரும் துண்டின் குமிழ், ஏற்கெனவே இருக்கும் துண்டின் குழிக்குள் மட்டும்தான் போகும். அதோடு பாலிமரேஸ் துண்டின் அடியில் ஒரு விளிம்பு வைத்திருக்கிறார்கள், இழையின் 3 பிரைம் முனையில்தான் அது உட்காரும், வேறெங்கே வைத்தாலும் நழுவிவிடும். இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

முதல் நாள் நான்கு பேரை உட்கார வைத்து, ஹெலிகேஸை நகர்த்தி ஏணியைப் பிரித்துக்கொண்டே போங்கள், ஆளுக்கொரு பக்கம் நகலெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு பக்கத்து ஜோடி ஹெலிகேஸுக்குப் பின்னாலேயே சரசரவென்று கட்டிக்கொண்டு போய்விட்டது. மறுபக்கத்து இரண்டு பேரும் திருதிருவென்று விழிக்கிறார்கள், எந்தத் துண்டை எப்படித் திருப்பினாலும் பாலிமரேஸ் உட்காரவில்லை. துண்டு தப்பு என்றான் ஒருவன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்: "மிஸ், இந்தப் பக்கம் தலைகீழா ஓடுது. கொஞ்ச தூரம் பிரியுற வரைக்கும் காத்திருந்து, பிரிஞ்ச இடத்துக்கிட்ட இருந்து பின்பக்கமா கட்டிக்கிட்டு வரணும். அப்புறம் மறுபடியும் முன்னாடி போய், மறுபடியும் பின்பக்கமா."

இப்படிப் பின்பக்கமாகக் கட்டப்படும் சிறு துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுகள் என்று பெயர், அந்தப் பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை. இத்தனை வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு நான் சொல்லித்தந்ததெல்லாம் ஒரு வரையறையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடும் வரையறையாக. இங்கே வேறு வழியே இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வேண்டியதாகிறது. இந்த ஒரு அனுபவத்துக்காகவே நான் இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

சரி, அப்படியானால் எதிர்த் திசையில் கட்டும் பாலிமரேஸ் ஒன்றைச் செல் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். இதற்கும் பெட்டியில் விடை இருக்கிறது, ஆனால் கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதால் பலர் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள். தனியாக இருக்கும் ஒவ்வொரு வெளிர் நிறத் துண்டின் குமிழிலும் இரண்டு மணி கோத்த ஒரு சின்ன வால் தொங்குகிறது. அந்த வாலைப் பிடுங்கினால்தான் குமிழ் குழிக்குள் போகும். செல்லிலும் அதேதான்: வரும் நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டோடு வருகிறது, இரண்டு கழன்று போகும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் பிணைப்பு உண்டாகிறது. அதாவது ஒவ்வொரு துண்டும் தன்னைச் சேர்ப்பதற்கான ஆற்றலைத் தானே கொண்டு வருகிறது. இப்போது திசையைத் திருப்பிக் கற்பனை செய்யுங்கள். அந்த மூன்று பாஸ்பேட் வளரும் இழையின் நுனியில் இருக்க வேண்டியிருக்கும். கடைசியாகச் சேர்த்த துண்டு தப்பு என்று வெட்டி எறிந்தால் அதோடு வாலும் போய்விடும், இழையின் நுனியில் ஆற்றல் இருக்காது, வேலை அங்கேயே நின்றுவிடும். இப்போதுள்ள திசையில் தப்பை வெட்டி எறிந்தாலும் கவலை இல்லை, அடுத்து வரும் துண்டு தன் வாலோடு வரும். ஒரு பக்கம் துண்டு துண்டாகக் கட்டும் சிரமத்தைச் செல் ஏற்றுக்கொண்டிருப்பதற்குத் திருத்திக்கொள்ளும் வசதி ஒரு முக்கியமான காரணம் என்றுதான் பொதுவாக விளக்குகிறார்கள். வாலை இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு ஏன் இருக்கிறது என்று எழுதாமல் விட்டவர்கள்மேல் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பிரைமர் விஷயம் நன்றாகவே வந்திருக்கிறது. பாலிமரேஸுக்கு வெறும் இழையில் புதிதாகத் தொடங்கத் தெரியாது, ஏற்கெனவே ஒரு 3 பிரைம் குழி இருந்தால்தான் சேர்க்கும், அதனால் பிரைமேஸ் வந்து முதலில் சில ஆர்.என்.ஏ. எழுத்துகளை (இவைதான் பிரைமர்) வைக்கிறது, பிறகு அவை நீக்கப்பட்டு டி.என்.ஏ. நிரப்பப்படுகிறது, லைகேஸ் இடைவெளியை ஒட்டுகிறது. ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்துவதால் எடுக்க மறப்பதில்லை.

கையேட்டுக்கு வருகிறேன். பின்தங்கும் இழை, அதாவது துண்டு துண்டாகக் கட்டப்படும் பக்கம், 3 பிரைமிலிருந்து 5 பிரைமை நோக்கிக் கட்டப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. இது தப்பு. இரண்டு இழைகளும் 5 பிரைமிலிருந்து 3 பிரைமை நோக்கித்தான் கட்டப்படுகின்றன, துண்டுகளே அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கின்றன! பெட்டி சரியாகச் சொல்வதை அதன் கையேடே மறுக்கிறது. ஹெலிகேஸ் டி.என்.ஏ.வை "வெட்டுகிறது" என்றும் இருக்கிறது. அது இழையை வெட்டுவதில்லை, இரண்டு இழைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரித்துக்கொண்டு போகிறது. மாணவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு இடத்தையும் பேனாவால் அடித்துத் திருத்திவிடுங்கள்.

இன்னொன்று. பின்தங்கும் இழையின் துண்டுகளை "ஒகசாகி என்ற விஞ்ஞானி" கண்டுபிடித்தார் என்று ஒருமையில் எழுதி முடித்துவிட்டார்கள். ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி என்று கணவன் மனைவி இருவர். நகோயா பல்கலைக்கழகத்தில் தங்கள் குழுவோடு சேர்ந்து 1968இல் வெளியிட்டார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர், சிறு வயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர், 1975இல் 44 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அதன் பிறகும் சுனேகோ அந்த ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். டி.என்.ஏ. எப்படி நகலெடுக்கப்படுகிறது என்று தேடிய மனிதரின் டி.என்.ஏ.வையே கதிர்வீச்சு தொட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு பிரிவுக்கும் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பாதிப் பெயரோடு நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

மெசல்சன், ஸ்டால் என்ற விஞ்ஞானிகள் இருவரின் 1958 சோதனையையும் இதே துண்டுகளை வைத்துச் செய்து காட்டலாம், இது கையேட்டில் இல்லாத என் யோசனை. எட்டு ஜோடி அடர் நிற ஏணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை நகலெடுங்கள். முதல் சுற்றில் இரண்டு ஏணி, இரண்டுமே பாதி அடர், பாதி வெளிர். இரண்டாம் சுற்றில் நான்கு ஏணி, இரண்டு பாதிக்குப் பாதி, இரண்டு முழுக்க வெளிர். அவர்கள் கனமான நைட்ரஜன் 15இல் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றிப் பார்த்த பட்டைகள் இதே கணக்கில்தான் வந்தன. பாதி பழமை பேணும் முறை என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். எழுத்துகளைச் சமமாகக் கலந்து எட்டு ஜோடி வைத்தால் வெளிர் துண்டுகள் போதும், அதற்குமேல் வைத்தால் தீர்ந்துவிடும்.

இப்போது குறைகள். பெட்டியில் எல்லாமே தட்டை ஏணி. சுருள் இல்லாததால் முறுக்கு என்ற பிரச்சினையே காணாமல் போய்விடுகிறது. சுருளில் சுமார் பத்தரை ஜோடிக்கு ஒரு சுற்று. ஈ. கோலை பாக்டீரியாவில் நகலெடுப்பு நொடிக்கு ஏறக்குறைய 1000 ஜோடி வேகத்தில் போகிறது, அப்படியானால் முன்னால் இருக்கும் டி.என்.ஏ.வில் நொடிக்குக் கிட்டத்தட்ட 95 சுற்று முறுக்கு ஏற வேண்டும். இரண்டு புரி கொண்ட கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையை யாரையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையில் புரிகளைப் பிரித்து இழுத்துப் பாருங்கள், சீக்கிரமே முன்னால் சிக்கலாகி நின்றுவிடும். டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் இழையை ஒரு கணம் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டுகின்றன. அந்த வெட்டும் வேலை இவற்றுடையது, ஹெலிகேஸுடையது இல்லை! சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவின் இந்த நொதியைத்தான் தாக்குகிறது, நம் செல்களில் இருப்பது வேறு வடிவம் என்பதால் நாம் தப்பிக்கிறோம். இவ்வளவு முக்கியமான ஒன்றுக்குப் பெட்டியில் ஒரு துண்டுகூட இல்லை, ஒரு முழக் கயிறாவது போட்டிருக்கலாம்.

இரண்டு பாலிமரேஸும் தனித்தனியாக எதிரெதிர்ப் பக்கம் போவதும் சரியில்லை. செல்லில் அவை இணைந்து ஒரே எந்திரமாக, ஏணி பிரியும் கவையோடு முன்னேறுகின்றன, பின்தங்கும் இழைதான் வளையமாக மடிந்து கொடுக்கிறது. துண்டுகள் விறைப்பாக இருப்பதால் இதைக் காட்ட வழியில்லை, படம் வரைந்து சமாளிக்கிறேன்.

அளவு என்ற விஷயத்தையும் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. என் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து 24 ஜோடியை முடிக்க முதல் தடவை 25 நிமிடம் ஆனது. ஒரு துண்டின் அகலம் 4 சென்டிமீட்டர். மனித செல் ஒன்றில் சுமார் 640 கோடி ஜோடி, இந்தத் துண்டுகளால் கட்டினால் ஏணியின் நீளம் 2,56,000 கிலோமீட்டர், நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. செல் இதைச் சுமார் எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. இத்தனைக்கும் நம் பாலிமரேஸ் வேகமானதுகூட இல்லை, நொடிக்கு 50 எழுத்து அளவில்தான். நம்முடைய மிகப் பெரிய குரோமோசோமில் ஏறக்குறைய 25 கோடி ஜோடி. ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் போனால் ஒரு மாதம் பிடிக்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் ஏணி பிரிகிறது. ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம் ஜோடிதான், ஒரே தொடக்கப் புள்ளி, 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு குழுக்களை ஒரே ஏணியின் நான்கு இடங்களில் தொடங்க வைத்தால் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது.

இனி நான் முதலில் சொன்ன அந்தப் பெரிய விடுபடல். இந்தப் பெட்டியில் பிழையே நடக்க முடியாது. பற்கள் பொருந்தாவிட்டால் துண்டு உட்காராது, அவ்வளவுதான். முதலில் நான் பாராட்டிய அதே வடிவமைப்புதான் இங்கே காலை வாருகிறது, ஏனென்றால் செல்லில் தப்பு ஜோடி சேரத்தான் செய்கிறது. பாலிமரேஸ் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று தவறிவிடும். 640 கோடி எழுத்துக்கு அது 64,000 பிழை, ஒரே ஒரு செல் பிரிவுக்கு. அந்தப் பிழை நுழைந்தவுடனே பாலிமரேஸ் தடுமாறி நின்று, ஒரு அடி பின்வாங்கி, கடைசி எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சேர்க்கிறது. இதில் நூறில் தொண்ணூற்றொன்பது சரியாகிவிடும். மிச்சத்தைப் பின்னால் வரும் பிழை ஜோடித் திருத்தப் புரதங்கள் பிடிக்கின்றன. கடைசியில் தங்குவது நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவு, அதாவது முழு நகலுக்கும் ஒற்றை இலக்கத்தில் சில எழுத்துகள். இந்தத் திருத்த முறையை விளக்கியதற்காக பால் மோட்ரிச் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என் அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வந்த திசு அறிக்கையில், கட்டியின் செல்களில் பிழை ஜோடித் திருத்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சோதித்த ஒரு வரி இருந்தது. அந்தப் புரதங்களுக்கான மரபணு பிறவியிலேயே பழுதாக இருந்தால் லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள், குடல், கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குடும்பத்தில் பலருக்குக் கூடும், எந்த மருந்து கொடுப்பது என்பதும் அதைப் பொறுத்து மாறலாம். வருடக்கணக்காக இந்தப் பாடத்தை எடுத்த எனக்கு, அந்த வரியின் அர்த்தத்தை அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் புரிய வைக்க அன்றைக்கு முடியவில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. அந்த ஆற்றாமையில்தான் கையில் பிடித்துக் காட்டும்படி ஏதாவது கிடைக்குமா என்று தேடி இந்தப் பெட்டியை வாங்கினேன். வாங்கிப் பார்த்தால் அது மட்டும் இல்லை.

அதனால் நானே சேர்த்தேன். நான்கு வெளிர் துண்டுகளின் பற்களைப் பாதி சீவிவிட்டேன், இவை எதோடு வேண்டுமானாலும் ஏதோ ஒரு மாதிரி ஒட்டும், ஆனால் விரலால் தடவினால் ஏணியின் ஓரம் புடைத்திருப்பது தெரியும். திருத்தப் புரதங்களும் வடிவம் கெட்ட அந்த இடத்தைத்தான் கண்டுகொள்கின்றன. கண்டுகொண்ட பிறகு எதை மாற்றுவது, பழைய எழுத்தையா, புதிய எழுத்தையா? தப்பான பக்கத்தை மாற்றினால் பிழை நிரந்தரமாகிவிடும். ஈ. கோலையில் பழைய இழையில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் இருக்கும், புதிதாகக் கட்டிய இழையில் அவை இன்னும் விழுந்திருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. நம் பெட்டியின் அடர், வெளிர் நிறங்கள் இங்கே அந்தக் குறிகளாகவே பயன்படுகின்றன, இதை யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, நன்றாக உதவுகிறது. இப்போது ஒரு குழு நகலெடுத்து முடித்ததும் அடுத்த குழு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவித் தப்பைத் தேடுகிறது. வகுப்பிலேயே அதிகச் சத்தம் வரும் பகுதி இதுதான்.

மருந்துகளையும் இதே வழியில் காட்டலாம். இரண்டு துண்டுகளின் 3 பிரைம் குழியை ஒட்டுத்தாளால் அடைத்துக் குவியலில் கலந்துவிடுங்கள். அதை எடுத்துச் சேர்ப்பவர் அடுத்த துண்டைச் சேர்க்க முடியாமல் நின்றுவிடுவார். சின்னம்மை, ஹெர்ப்பிஸ் வைரஸ்களுக்குக் கொடுக்கும் ஏசைக்ளோவிர் வைரஸின் இழையை இப்படித்தான் நிறுத்துகிறது. 1977இல் ஃபிரெடரிக் சாங்கர் டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்க உருவாக்கிய முறையிலும் இதே அடைபட்ட குழிதான். இன்னொன்று, வெளிர் தைமின் துண்டுகள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் எடுத்து ஒளித்துவிடுங்கள். கொஞ்ச தூரத்திலேயே எல்லாக் குழுவும் நிற்கும். அக்காவுக்குக் கொடுத்த 5-ஃபுளோரோயுராசில் செல்லுக்குள் தைமின் எழுத்தைத் தயாரிக்கும் நொதியை முடக்கும் மருந்து. வேகமாகப் பிரியும் புற்றுச் செல் திணறுகிறது, ஆனால் வாயின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும்கூட வேகமாகப் பிரிபவைதான். அவளுக்கு வாயெல்லாம் புண்ணானதும் வெள்ளணுக்கள் குறைந்ததும் அதனால்தான்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் அக்கா என் மேசையில் கிடந்த ஏணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடைப்பில் விரல் நின்றது. "இங்க சரியா உக்காரலையேடி" என்றாள். பிறகு, "அந்த ரிப்போர்ட்ல பாத்தது இதைச் சரி பண்றவங்க இருக்காங்களான்னுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுடைய அறிக்கையில் எல்லாப் புரதங்களும் இருந்தன, பிள்ளைகளுக்கு அந்தப் பரம்பரைச் சிக்கல் இருக்க வாய்ப்புக் குறைவு. மருத்துவர் அதை முன்பே சொல்லியிருந்தார்தான், ஆனால் அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்தத் துண்டையும் அவளே பிடுங்கி மாற்றி வைத்தாள்.

டெலோமியர் பகுதியைக் கையேடு தொடவில்லை என்றாலும் துண்டுகளே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பின்தங்கும் இழையின் கடைசி ஆரஞ்சுத் துண்டை எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்ப முன்னால் எந்தக் குழியும் இருக்காது, ஏணி அந்த அளவு குட்டையாகிவிடும். நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற, திரும்பத் திரும்ப வரும் ஆறெழுத்து வரிசை இருப்பதும், கருச்செல்கள், மூலச்செல்கள் போன்ற சிலவற்றில் டெலோமரேஸ் என்ற நொதி அதை நீட்டித் தருவதும், பெரும்பாலான புற்றுச் செல்கள் அந்த நொதியை மறுபடி முடுக்கிவிட்டுக்கொள்வதும் அங்கிருந்து சொல்லத் தொடங்கலாம். பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் கிடைத்தது இதற்குத்தான். தனித் துண்டு எதுவும் தேவைப்படாது.

ஒரு பெட்டிக்கு நான்கு பேர் சரியாக இருக்கும், ஆறு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். தனியாகப் படிப்பவர்களும் வாங்கலாம், ஆனால் கையேடு மட்டும் துணை என்றால் குழப்பம்தான் மிஞ்சும், நல்ல பாடநூல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம், அந்த மணி வால்கள் விழுங்கும் அளவில் இருக்கின்றன, அதோடு வருகிற எண்ணிக்கையும் குறைவு; எங்களிடம் இப்போதே ஒன்பது வால் காணவில்லை, சட்டைப் பித்தானை நூலில் கோத்துப் பயன்படுத்துகிறோம். கையேட்டின் பிழைகளையும் சீவிய துண்டுகளின் யோசனையையும் தயாரிப்பாளர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், திசைப் பிழையை அடுத்த பதிப்பில் மாற்றுகிறோம் என்று பதில் வந்தது, தப்பு ஜோடித் துண்டுகளைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதுவரை வாங்குபவர்கள் வெளிர் துண்டுகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று வீதம் நான்கைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். பல்லை முழுக்கச் சீவ வேண்டாம், பாதி விட்டால்தான் ஒட்டவும் செய்யும், விரலுக்கும் புடைப்பு தெரியும்.